மருந்தில் தப்பில்லை

சுத்தம் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்திரம் கரி பிடித்துக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. கல்யாணமாகிப் போன வீட்டில் மூன்றாம் நாளே அடுக்களையில் புகுந்து தோசைக்கல்லைப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டேன். மறுநாள் ஒரு தோசையும் கல்லை விட்டு எழும்பவில்லை. மாமியார் இன்றைக்கும் விருந்தாட்கள் வந்தால் அதைச் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை. அதிலிருந்து நான் எதையாவது கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொள்ளவில்லை.

பழக்கம் சபையிலிருந்து வந்தது. எங்கள் குடும்பம் இரணியல் பக்கத்தில் ஒரு பழைய மிஷன் சபையைச் சேர்ந்தது. அங்கே ஞாயிறு ஆராதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் பித்தளைச் சாமான்களைத் துலக்குவது குடும்பங்களுக்கு முறை வைத்து நடக்கும். நான்கு காணிக்கைத் தட்டு, ஒரு சிலுவை, இரண்டு பூச்சாடி. முதலில் புளி, பிறகு சலித்த சாம்பல், பிறகு தண்ணீர், பிறகு பழைய பருத்தித் துணி. எங்கள் முறை வரும் வாரம் நானும் அம்மாவும் போவோம். ஞாயிற்றுக்கிழமை தட்டு கைமாறி வரும்போது அதில் என் முகம் தெரிகிறதா என்று பார்ப்பேன். ஜெபத்தைவிட அதில்தான் கவனம் இருக்கும்.

படித்து முடித்து வெளியூர்களில் சில வருஷம் சுற்றிவிட்டு, இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டி ஊருக்கே திரும்பினேன். தக்கலைக்குக் கொஞ்சம் தள்ளி, ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருந்த ஒரு சின்ன ஆய்வகத்தில் வேலை. கல்லுக்குள் இருக்கும் ஆக்சிஜனை வெளியே எடுத்து, அதில் கனமான ஆக்சிஜன் எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று அளந்து சொல்வது எங்கள் பிழைப்பு. அந்த விகிதத்தை வைத்து, கல் எந்தச் சூட்டில் உருவானது, எந்தத் தண்ணீரோடு பழகியது என்று சொல்லலாம். ஆக்சிஜன் கல்லை விட்டு லேசில் வராது. காற்றே இல்லாத ஒரு சின்ன உலோக அறைக்குள் கடுகு அளவு கல் துணுக்கை வைத்து, புரோமின் பென்டாஃபுளோரைடு என்ற வாயுவை உள்ளே விட்டு, மேலே கண்ணாடி போன்ற ஜன்னல் வழியாக லேசரை அடிக்க வேண்டும். கல் உருகும். அந்த வாயு கல்லைத் தின்றுவிட்டு ஆக்சிஜனைத் துப்பும். நாங்கள் அதைப் பிடித்து அளப்போம்.

அந்தச் சாமானை ஆய்வகத்தில் 'மருந்து' என்றுதான் சொல்வோம். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். தண்ணீரைக் கண்டால் ஆகாது, எண்ணெயைக் கண்டால் ஆகாது, விரலைக் கண்டாலும் ஆகாது. கடல் தாண்டி வர வேண்டும், ஆர்டர் போட்டால் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். இப்படி ஈரத்துக்கு ஆகாத ஒன்றை, வருஷத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் கொண்டு வந்து வைத்திருந்தோம்.

மருந்தைக் கையாள எங்களிடம் ஒருவர் இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், கடற்கரை ஊர்க்காரர். கல்ஃபில் பத்து வருஷம் கேஸ் பைப் வேலை பார்த்தவர். ஒரு நட்டைத் தொட்டுப் பார்த்தே கசிவு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அவர் என்னை மேடம் என்பார். ஒருமுறை லீவில் வந்தபோது அவருடைய மகள் அவரைப் பார்த்துப் பயந்து கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாளாம். இனி போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்ததாகச் சொல்வார். எங்களிடம் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் இருந்தார். அது புதுப்பிக்கப்பட்டால் வீட்டில் இருப்பார், இல்லையென்றால் மறுபடியும் விமானம் ஏற வேண்டும். அவருக்குத் தெரிந்த வேலைக்கு இந்த ஜில்லாவில் வேறு இடம் கிடையாது.

மத்தியானம் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடுவோம். அவர் வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வரும். பாத்திர மூடியில் எனக்கு ஒரு துண்டு எடுத்து வைத்துவிட்டுத்தான் அவர் கை நனைப்பார். கேட்டு வாங்கியதில்லை, வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

அந்த ஐப்பசியில் எங்கள் வேலையைப் பார்வையிட ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. திங்கட்கிழமை வருகிறார்கள். வெள்ளிக்கிழமை அண்ணன் பெரிய சிலிண்டரிலிருந்து எங்கள் குழாய் வரிசையில் இருக்கும் சின்னச் சிலிண்டருக்கு மருந்து மாற்றினார். வெளியே விடாத மழை. மூன்று மணிநேரம் முகமூடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வால்வாகத் தொட்டு, ஒரு சொட்டு வீணாகாமல் மாற்றி முடித்தார். சனிக்கிழமை அவருடைய ஊர் மாதா கோயிலில் ஒரு கல்யாணம், அவர் வரவில்லை.

நான் வந்தேன். வாசலில் இருந்த பித்தளைப் பெயர்ப்பலகை பச்சை பூத்துக் கிடந்ததால், வீட்டிலிருந்தே புளியும் சாம்பலும் பொட்டலம் கட்டிக் கொண்டு வந்திருந்தேன். பலகையைத் துலக்கினேன், தங்கமாக வந்தது. கையில் இன்னும் கொஞ்சம் புளியும் சாம்பலும் மிச்சம். உள்ளே மேஜையில் ஹோல்டரும் அதற்கு உதிரியாக இன்னொன்றும் இருந்தன.

ஹோல்டர் என்பது கல் துணுக்குகளை வைக்கும் நிக்கல் தட்டு. உள்ளங்கையைவிடச் சின்னது. பல்லாங்குழி போல அதில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றும் மிளகு கொள்ளும் அளவு. நாள்பட்ட மருந்தின் கடியில் அது கறுத்து, சாம்பல் பூத்து, பார்க்கவே சகிக்காது. அந்தக் கறுப்பு ஒரு காப்பு என்று எனக்குத் தெரியும். நிக்கல் மேல் மருந்து படிந்து உண்டாக்கிய மெல்லிய தோல் அது, அது இருந்தால்தான் மருந்து உலோகத்தைத் தின்னாது. தெரிந்தும் மனசு கேட்கவில்லை. நாலு பெரிய மனிதர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் கரிச்சட்டி மாதிரி ஒன்று தெரியுமே என்று இருந்தது. இரண்டு தடவை மருந்து காட்டினால் தோல் திரும்ப வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு புளியை எடுத்தேன். பிறகு சாம்பல். பிறகு தண்ணீர், ஸ்பிரிட், சூட்டில் உலர்த்தல் எல்லாம் முறைப்படி. சூரிய வெளிச்சத்தில் பிடித்தபோது கண் கூசியது. அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்ன மேடம், கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி மினுங்குது?"

"சும்மா கொஞ்சம் தொடச்சேன்" என்றேன். துடைத்தேன் என்பது உண்மையில் பாதிகூட இல்லை.

குழு வந்தது, எட்டிப் பார்த்தது, தலையாட்டியது, நேந்திரங்காய் வறுவல் தின்றது, போனது. பிரச்சினை அடுத்த நாள் தொடங்கியது.

எங்கள் கடற்கரையில் மணலோடு மணலாக ஒரு சிவப்புக் கல் கிடக்கும். கார்னெட். அதில் ஒரு பிடியை அலசிப் பொறுக்கி, அதன் ஆக்சிஜன் விகித எண்ணைப் பலமுறை அளந்து உறுதி செய்து வைத்திருந்தோம். எந்த வேலை தொடங்குமுன்னும் அந்தக் கார்னெட்டை ஓட்டிப் பார்ப்போம். அது தன் எண்ணைச் சொன்னால் மற்றதை நம்பலாம். அன்று அது தன் எண்ணைச் சொல்லவில்லை. அதைவிட மோசம், கல்லில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்க முடியுமோ அதைவிட அதிகமாக வந்தது. ஹோல்டரில் கல்லே வைக்காமல் வெறுமனே மருந்தை விட்டுப் பார்த்தோம். ஒன்றும் வரக்கூடாது. வந்தது.

இல்லாத ஆக்சிஜன் எங்கிருந்து வரும்? வெளிக்காற்று கசிந்தால் கூடவே நைட்ரஜன் வரும். நைட்ரஜன் இல்லை. அப்படியானால் ஈரம். ஈரம் மருந்துக்குள் போயிருந்தால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை மருந்து பிரித்து வெளியே விடும். மருந்தைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மேலே நிற்கும் வாயுவை உறிஞ்சி எடுத்து, மறுபடி உருக்கி, மறுபடி உறையவைத்தோம். மூன்று முறை. மிச்ச மருந்தைப் பிடிக்கும் உப்புக் குழாயைப் புதிதாக மாற்றினோம். வரிசை முழுவதையும் இரண்டு நாள் சூடேற்றினோம். ஒவ்வொன்றும் முடிந்ததும் கார்னெட்டை ஓட்டினோம். அது அசையவில்லை.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "மேடம், மருந்துல வெள்ளம் கேறியிருந்தா மொத நாளு நல்லா ஆடும், பொறவு கொறஞ்சு கொறஞ்சு அடங்கும். இது நாளுக்கு நாளு ஒரே கணக்கா நிக்கி. மருந்துக்க கொணம் இது இல்ல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் வேறு எது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்கள் தலைவர் வெளியூர்க்காரர், பொறுமை இல்லாதவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை மழையில் மருந்து மாற்றினீர்கள். செவ்வாய்க்கிழமை கெட்டுப்போயிருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இது பைப் வேலை இல்லை என்று நான் முதலிலேயே சொன்னேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"மாற்றும்போது ஈரம் போயிருக்க வாய்ப்பு இருக்கிறது" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. பொய் என்று தெரிந்து சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மருந்து கெட்டுவிட்டது என்று எழுதிப் புதிதாக ஆர்டர் போடுவது, மாதக் கடைசியில் முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது என்று தலைவர் முடிவு செய்தார். அதற்கு மூன்று வாரம் இருந்தது.

அடுத்த வாரக் கடைசியில் லேசர் ஜன்னல் மங்கிவிட்டதென்று அண்ணன் அறையைத் திறந்து மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகும் வந்து ஏதோ ஓட்டிப் பார்த்தார் என்று காவலாளி சொன்னார். திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கம்போல லாக் புக் என் மேஜைக்கு வந்தது. அன்றன்று செய்த வேலையை அண்ணன் எழுதுவார், பக்கத்தின் அடியில் நான் கையெழுத்துப் போடுவேன். ஐந்தாறு பக்கம் சேர்ந்திருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாளிலிருந்து அண்ணன் என்னோடு சாப்பிட வரவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ரப்பர் மரத்தடிக்குப் போய்விடுவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், அதுவும் இரண்டு வார்த்தையில். வேலை போகிற கவலை என்று நினைத்துக்கொண்டேன். பாவம், மனுஷன் யாரிடம் காட்டுவார் என்று பெரிய மனசோடு இரக்கப்பட்டேன். இப்போது நினைத்தால் அந்த இரக்கத்துக்காக என்னையே ஒரு தட்டுத் தட்டலாம் போலிருக்கிறது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை சபையில் எங்கள் முறை. அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரமாதலால் அம்மா கண்டிப்பாக இருந்தாள். நான் தட்டுகளைத் தேய்த்து, கழுவி, துடைத்து வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். அம்மா ஒன்றை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி, மினுங்குனா போதுமா? எழுத்துக்குள்ள பாரு. சாம்பலு அப்பிக் கெடக்கு."

தட்டின் விளிம்பில் கொடுத்த குடும்பத்தின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் வெளிறிய சாம்பல் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. அம்மா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கிலை உருவி என் கையில் கொடுத்தாள். நான் முதல் எழுத்தைத் தோண்டினேன். இரண்டாவது எழுத்தில் கை நின்றுவிட்டது.

சாம்பல் என்றால் என்ன? சுண்ணாம்பு, உப்பு, மணல் சத்து. எல்லாவற்றிலும் ஆக்சிஜன். ஒரு ஹோல்டரில் எத்தனை குழிகள்! துடைத்தபோது அடியில் இறுகிய சாம்பலை மருந்து ஒவ்வொரு நாளும் மேலாகக் கொஞ்சம் தின்னும், கொஞ்சம் துப்பும், மிச்சத்தை நாளைக்கு வைக்கும். நாளுக்கு நாள் ஒரே கணக்காக நிற்கிறது என்று அவர் சொன்னாரே.

அம்மா "என்னட்டி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தட்டு என்னிடம் வந்தபோது நான் அதில் முகம் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தேன். உதிரியாக மேஜையில் வைத்திருந்த இரண்டாவது ஹோல்டரைத்தான் முதலில் பார்த்தேன். அன்றைக்குப் புளி கையோடு அதற்கும் ஒரு தேய்ப்பு கொடுத்திருந்தேன். மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் தெரிந்தது. குழி ஒவ்வொன்றின் அடியிலும், மூலையில், காணிக்கைத் தட்டின் எழுத்துக்குள் இருந்ததே, அதே வெளிறல்.

அண்ணன் வந்ததும் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டார்.

"அண்ணா, மருந்து நல்லாத்தான் இருக்கு. நான்தான் ஹோல்டரைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினேன். தொடச்சேன்னு சொன்னது பொய். சாம்பல் குழிக்குள்ள இருக்கு. உங்க மேல பழி வந்தது என்னாலதான். இப்பவே தலைவர்கிட்ட சொல்லப் போறேன். அதுக்கு முன்னால ஹோல்டரை வெளிய எடுத்துட்டு வெறும் அறையை ஒருதரம் ஓட்டிப் பார்த்துரலாம். ரெண்டு நாள் ஆகும்."

அவர் முகத்தில் கோபம் இல்லை, வேறு ஏதோ குழப்பம்.

"அதெதுக்கு இனி? பண்ணியாச்சே" என்றார்.

"எப்போ?"

அவர் லாக் புக்கை எடுத்து, பின்னோக்கிச் சில தாள்கள் புரட்டி, என் முன்னால் வைத்தார். ஜன்னல் மாற்றிய அந்த வாரக் கடைசி. அவருடைய அச்சடித்தாற்போன்ற கையெழுத்து. 'ஹோல்டர் வெளியே எடுத்து ஓட்டியது. ஆக்சிஜன் இல்லை. ஹோல்டர் உள்ளே வைத்து ஓட்டியது. ஆக்சிஜன் உண்டு. மருந்தில் தப்பில்லை. ஹோல்டரைப் பார்க்கவும்.' அதற்கு அடியில், ஒரு விரல் இடைவெளி விட்டு, என் கையெழுத்து.

நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என்னுடையதுதான். கடைசிச் சுழிப்பு பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் வழக்கத்தைவிட நீளமாக இழுபட்டிருந்தது.

"வாயால ஏன் அண்ணா சொல்லல்ல?"

"வாயால சொன்னா, கழுத்து மாட்டுனவன் அடுத்த ஆளக் காட்டுதான்னு தலைவரு சொல்லுவாரு. அதாக்கும் எழுதி வச்சேன். எழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டுல்லா. மறுநாளு பாத்தேன், உங்களுக்க கையெழுத்து கெடக்கு. நீங்க ஒண்ணும் பேசல்ல. செரி, படிச்சாச்சு, தெரிஞ்சாச்சு, தெரிஞ்சே விட்டுட்டியன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நாளாக அந்த மனிதர் என்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு, நான் கேட்டதற்குப் பதிலும் சொல்லி, வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்காக இரக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"படிக்கல்ல, அண்ணா" என்றேன். "படிக்காமலே போட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "படிக்கல்லியா" என்றார். பிறகு மறுபடியும், தனக்குத்தானே, "படிக்கல்ல" என்றார். வேறு யாராவது கேட்டால் சண்டைக்கு வரவேண்டிய விஷயம். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது.

லாக் புக்கோடு தலைவரிடம் போனேன். அவர் படித்துவிட்டு, "நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார். ஆமாம் என்றேன். நீளமாகத் திட்டினார், எல்லாம் சரியான திட்டு. புளி என்ற சொல்லை அவர் நாலைந்து தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் நம்ப முடியாதவராக. பிறகு ஒப்பந்தத் தாளை எடுத்துப் புதுப்பித்து, அண்ணனை வரச் சொல்லி, அவரிடமும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தார். அதை நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை.

ஹோல்டரை ஊசியால் குழி குழியாகத் தோண்டிச் சுத்தம் செய்ய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பிறகு வாரம் முழுக்க மருந்து காட்டி, கறுப்புத் தோல் திரும்ப வந்த பிறகு கார்னெட்டை ஓட்டினோம். அது தன் எண்ணைச் சொன்னது. மறுநாளும் அதையே சொன்னது.

அண்ணன் இன்னும் ஆறு வருஷம் எங்களோடு இருந்தார். மகள் கல்லூரிக்குப் போனதை வீட்டிலிருந்தே பார்த்தார். நான் அன்றிலிருந்து லாக் புக்கின் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன். நிஜமாகவே படிக்கிறேனா என்று பார்க்க அவர் எப்போதாவது நடுவில் ஒன்றைச் செருகி வைப்பார். முதல் தடவை அப்படி எழுதியது கார்னெட் சரியான அந்த வாரம். அன்று லாக் புக் சாயங்காலம் வராமல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே என் மேஜைக்கு வந்தது. உறையவைத்த நேரத்துக்கும் உப்புக் குழாய் மாற்றிய குறிப்புக்கும் இடையில், அதே அச்சுக் கையெழுத்தில் இருந்தது: 'இன்று மத்தியானம் சாளைமீன் குழம்பு. மேடத்துக்குப் பங்கு உண்டு.'

படித்தேன். அடியில் கையெழுத்துப் போட்டேன். கை கழுவப் போனேன்.